முதுகுத் தையல்

கிளூஜ் நகர ஓபராவில் உடுப்பறை என்னுடையது.
நாற்பது வருடம். ஜன்னல் கிடையாது.
குரலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்,
எனக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்துச் சுற்றளவு.

ஸெவெர் ஒல்த்தியானுவுக்கு நாற்பத்தொன்று.
உச்ச ஸ்வரத்துக்கு மூச்சை இழுக்கையில்
நாற்பத்திரண்டரை.
நீல வெல்வெட் மேலங்கி, பதினோரு பித்தளைப் பொத்தான்.
முதுகுத் தையலில் விரல் அகலம் துணி விட்டுவைப்பேன்.
அப்படியும் மாதம் ஒருமுறை
மேடையிலேயே நூல் தெறிக்கும்.

எழுபத்து நான்கில் கிராஸ் நகரத்துக்குப் பயணம்.
இரண்டாம் நாள் காலை
தொண்டைக்கு மாத்திரை வாங்கி வருகிறேன் என்று போனார்.
பேருந்து நாற்பது நிமிடம் காத்திருந்தது.
பூட்ஸைப் பெட்டியில் விட்டுப் போயிருந்தார்,
வடிவம் கெடாமலிருக்க
உள்ளே காகிதம் திணித்து.

திங்கட்கிழமை ஒருவர் வந்தார்,
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.
சுவரொட்டியைக் கிழிக்க, ஒலிநாடாவை அழிக்க
வேறு ஆட்கள் இருந்தார்கள்.
எனக்கு வந்தது காலர்.
அதன் உள்பக்கம் உடுத்தியவர் பெயரெல்லாம்
சின்னச் சின்ன நாடாவாகத் தைத்திருக்கும்.
நாலாவது பெயர்.
கத்தரி என்னுடையது. கையும்தான்.
அடுப்பில் போட்டேன். பருத்தி நாடா,
ஒரு தீக்குச்சி எரியும் நேரம்கூட ஆகவில்லை.

பிறகு உலகமெல்லாம் பாடினார் என்கிறார்கள்.
என்னிடம் வந்து சேர்ந்தது துண்டுத் துணியாக.
போர்வைக்குள் வானொலி,
பக்கத்துக் குடித்தனக்காரன் இருமலுக்கு நடுவே ஹாம்பர்க்.
பல் மருத்துவர் மேசைக்கடியில் காட்டிய
இசைத்தட்டு உறையில் லிஸ்பன்:
இடது தோள் சரிகிறது, எவள் தைத்தாள்?
புவெனோஸ் ஐரெஸ், பத்திரிகைப் படம்:
கைநீளம் இரண்டு செண்டிமீட்டர் அதிகம்,
அது அவர் உடுப்பே இல்லை.
இரவல் கோட்டில் நிற்கிற மனிதர்
எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியும்.
முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு.

தொண்ணூற்றொன்றில் வந்தார், ஒரே ஓர் இரவுக்கு.
கழுத்து நாற்பத்து நான்கரை.
வாயில் குண்டூசிகள் இருந்ததால்
நான் பேச வேண்டியிருக்கவில்லை.
அவர் பேசினார். எங்கள் மொழிதான்,
ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில்
கேள்விபோல் கொஞ்சம் எழும்பிற்று.
பழைய பயண ஆவணத்தைக் காட்டினார்,
அட்டை மூலையில் இரண்டு கறுப்புக் கோடு, நாடற்றவர்களுக்கு.
அண்ணன் இறந்த தந்தி
மாண்ட்ரியலில் இடைவேளையின்போது வந்ததாம்.
‘கோமாளி வேஷம், ஸஃப்தா.
இன்னும் ஓர் அங்கம் பாக்கி. பாடினேன்.
ஜனங்கள் சிரித்தார்கள்.
நன்றாகவே சிரித்தார்கள்.’

அப்புறம் காலரைத் திருப்பினார்.
மூன்றாவது பெயர், ஐந்தாவது பெயர்,
நடுவில் வெறும் ஊசித் துளைகள்.
யார், என்றார்.
குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தேன்.
ஏழு இருந்தன.
நான், என்றேன்.
விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.
‘துணியில் ஒரு கீறல்கூட இல்லை’ என்றார்.

(மறுநாள் செய்தித்தாளில் ஒருத்தி எழுதியிருந்தாள்,
அந்தப் பெயரைப் பதினேழு வருடம்
நான் தலையணைக்குள் ஒளித்து வைத்திருந்ததாக.
இல்லை. எரித்தேன்.)

மேடையோரம் நின்று பார்த்தேன்.
அந்த இடம் வந்தது, மூச்சை இழுத்தார், பாடினார்,
அரங்கம் முழுக்க எழுந்து நின்றது.
முதல் வரிசையில் ஒரு ஆள் தொப்பியை முகத்தில் பொத்தி அழுதார்.
எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.
தையல் அசையவே இல்லை.
நான் விட்டுவைத்த விரல் அகலம்
அப்படியே கிடந்தது.

அரை ஸ்வரம் இறக்கித்தான் வாசித்தோம் என்று
வயலின்காரர் படிக்கட்டில் வைத்துச் சொன்னார்,
யாரிடமும் சொல்லாதே என்று.
சொல்லவில்லை.

பெயரைத் திரும்பத் தைக்கவா என்று
கேட்க இருந்தேன், விமானத்துக்கு நேரமாகிவிட்டது.
இரவோடிரவாக முதுகைப் பிரித்து
அளவைக் குறைத்தேன்.
வியாழக்கிழமை வேறொரு பையன் உடுத்த வேண்டும்,
கழுத்து முப்பத்தொன்பது,
இன்னும் மூச்சிழுக்கத் தெரியாதவன்.
இருந்தாலும் அந்த விரல் அகலம்
விட்டே தைத்தேன்.